முக்குருத்தியின் புல்வெளி



ஊட்டிக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் ஏரி, பூங்கா, தேயிலைத் தோட்டம் என்பார்கள். நீலகிரியின் பழைய முகத்தைக் காண இன்னும் மேற்கே, மலை சட்டென்று கேரளப் பக்கம் இறங்கும் விளிம்புக்குப் போகவேண்டும். அங்கே முக்குருத்தி தேசியப் பூங்கா. குன்றெல்லாம் புல். இரண்டு குன்றுகளின் மடிப்பில் மட்டும் குட்டை மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அதுதான் சோலை.

மரங்கள் ஏன் மடிப்பிலேயே ஒதுங்கின? தை மாத விடியலில் புல் நுனியெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி படிந்திருக்கும். வெட்டவெளியில் முளைத்த சோலைக் கன்று அதில் கருகிவிடும். புல்லோ கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும்.

காட்டை அழித்ததால் வந்த புல் என்று முன்பு சிலர் எண்ணினார்கள். பள்ளங்களில் உள்ள கரிய சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்தது தெரிந்தது. பஞ்சுபோன்ற அந்த மண்தான் மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. முக்குருத்தியில் பிறக்கும் பைக்காரா ஆறு, மோயாறாகி பவானிசாகர் அணையில் சேர்கிறது. இம்மலையின் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல்லும் சதுப்பில் விளைவதுதான்.

இவ்வளவையும் தரிசு என்று கணக்கெழுதினார்கள்! ஆஸ்திரேலியச் சீகை மரம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. விடுதலைக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காக நாமே புல்வெளியில் அதை நட்டோம். எனக்கு மனம் ஆறாதது இதுதான்.

இதனால் அடிபட்டது வரையாடு, நம் மாநில விலங்கு. வரை என்றால் மலை. முதிர்ந்த கிடாயின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு இருக்கும். திறந்த புல்லில் மேயும். ஆபத்தென்றால் பாறைச் செங்குத்தில் பாய்ந்து இறங்கிவிடும். புல் மரக்காடானால் மேய்ச்சலும் போகும், சிறுத்தை வருவதும் கண்ணில் படாது. வரையாட்டைக் காக்கத்தான் 1982இல் சரணாலயமும், 1990இல் தேசியப் பூங்காவும் அமைந்தன. 2024 கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதும் 1,031 வரையாடுகள்.

இப்போது சீகையை அகற்றுகிறார்கள். வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கிறது. விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கி, தீப்பட்டதும் முளைக்கிறது. ஆகவே அழித்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய், விரலளவு கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குகிறார்கள். பிடுங்கிய குழியில் மலைப்புல்லின் நாற்றை ஊன்றுகிறார்கள்.