இயந்திரத் தோழனும் எங்கள் பிள்ளைகளும்



இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டு இளம் பிள்ளைகள் விரும்பி வாசிக்கின்ற ஒரு வகைக் கதை. அதில் தனித்துப்போன ஒருவர் இருப்பார். அவருக்குத் துணையாக ஒரு றோபோ வரும். சில கதைகளில் தனித்துப்போவதே அந்த றோபோதான். "உந்த மெசின் கதையள வாசிச்சு என்ன பிரயோசனம்?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளை எங்களிடம் வாய்விட்டுச் சொல்லாத பல விடயங்கள் அந்தக் கதைகளில் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

இது எங்களுக்குப் புதிய சரக்கும் அல்ல. எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையை எழுதினார். கதை நடப்பதாக அவர் கற்பனை செய்தது 2020களில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. நிலா என்ற இளம்பெண்ணின் கணவன் காணாமற் போகிறான். ஒருவர் காணாமற் போவதென்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் நிலாவுக்குத் துணை நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். அது பேசும், புத்தகம் வாசிக்கும், பகிடி விடும், யோசனையும் சொல்லும். இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு ஜீனோவை ஞாபகம் இருக்கும். அன்று அந்த நாயில் அன்பு வைத்தவர்களுக்கு, இன்று பிள்ளை ஒரு றோபோவில் அன்பு வைப்பது விளங்காமற் போகாது.

இன்னும் பின்னுக்குப் போனால், 1940இல் வெளிவந்த, ஐசக் அசிமோவின் 'றொபி' என்ற சிறுகதை இருக்கிறது. குளோரியா என்ற சிறுமிக்கு விளையாட்டுத் துணை ஒரு றோபோ. அந்த றோபோவுக்குப் பேச்சு வராது. குளோரியா தனக்குப் பிடித்த சின்டரெல்லா கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள். அது அலுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். பிள்ளை மற்றப் பிள்ளைகளுடன் சேருகிறாளில்லை என்று தாய் கவலைப்பட்டு, றோபோவை வீட்டை விட்டு அனுப்பி, ஒரு நாயைக் கொண்டுவந்து விடுகிறாள். குளோரியாவுக்கு ஆறுதல் வரவில்லை. பொருளை எடுத்து ஒளிப்பது சுலபம். அது செய்த வேலையை, அதாவது காது கொடுத்துக் கேட்பதை, பிறகு யார் செய்வது? கைத்தொலைபேசியைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டுகின்ற நாங்களும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

அமெரிக்க எழுத்தாளர் பீற்றர் பிறவுண் 2016இல் எழுதிய 'காட்டு றோபோ' என்ற நாவலைப் பல பிள்ளைகளுக்குத் தெரியும். 2024இல் திரைப்படமாகவும் வந்தது. கப்பல் ஒன்று புயலில் மூழ்க, றோஸ் என்ற றோபோ ஆளில்லாத தீவு ஒன்றில் கரையொதுங்குகிறது. அங்குள்ள விலங்குகள் அதை அரக்கன் என்று பயந்து ஓடுகின்றன. றோஸ் ஒதுங்கியிருந்து அவற்றைக் கவனித்துக் கவனித்து, அவற்றின் மொழியைக் கற்றுக்கொள்கிறது. தாயை இழந்த ஒரு வாத்துக்குஞ்சை வளர்க்கிறது.

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சமூகம் நாங்கள். ஆகவே றோஸ் கரையொதுங்கும் காட்சி எங்களுக்கு அந்நியமில்லை. இந்த நகரத்தில் புதிதாக வந்து 'அக்கய்' வகுப்பில், ஒரு சொல்லும் விளங்காமல், மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். அந்தப் பிள்ளை றோஸின் கதையில் தன்னையே காண்கிறது.

மொன்றியலில் எங்கள் பிள்ளைகளின் தனிமைக்கு இன்னொரு முகம் உண்டு. 1977இல் வந்த 101ஆம் இலக்கச் சட்டத்தின்படி, புலம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகிறார்கள். பாடம் பிரெஞ்சில், படமும் பாட்டும் ஆங்கிலத்தில், வீட்டில் தமிழ். மூன்று மொழி தெரிவது பெரிய சொத்து, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதினான்கு வயதில் மனதில் ஏற்படும் குழப்பத்தைச் சொல்லும் சொற்களைப் பிள்ளை பிரெஞ்சில் கற்றிருக்கிறது. பெற்றோருக்குத் தெரிந்ததோ தமிழ்ச் சொற்கள். "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்று பதில் வருகிறது. அந்த "ஒண்டுமில்லை"யில் பாதி, சொல்லத் தமிழ் வராத தவிப்பு. தகப்பன் இரவு வேலை, தாய் பகல் வேலை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவும் நேரமில்லை.

இது எங்கள் சமூகத்தின் குறைபாடு மட்டுமல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், அதிகம் வாடுவோரில் இளையோர் அடங்குவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது.

இப்போது றோபோ கதைப் புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. பிள்ளையின் கைத்தொலைபேசியில் நண்பன்போலப் பேசுகின்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இருக்கின்றன. அவற்றுக்கு எந்த மொழியிலும் எழுதலாம், எந்த நேரத்திலும் பதில் வரும், கோபம் வராது. புளோரிடாவில் ஒரு பதின்ம வயதுப் பையன் இத்தகைய செயலியுடன் மாதக்கணக்காகப் பேசிவந்த பின் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுடைய தாய் 2024 ஒக்ரோபரில் 'கரெக்டர் ஏஐ' நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2025 நவம்பரில் அந்த நிறுவனம் 18 வயதுக்குட்பட்டோர் அந்தப் பாத்திரங்களுடன் மனம்போல உரையாடுவதை நிறுத்தியது. கதையில் வரும் றொபிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். றொபி வாய் திறக்காமல் கேட்டது. இவை பிள்ளையைத் தொடர்ந்து பேச வைத்துக்கொண்டிருக்கவே பேசுகின்றன.

கசுவோ இஷிகுரோ 2021இல் எழுதிய 'கிளாறாவும் சூரியனும்' நாவல் இதைத்தான் அலசுகிறது. நாகசாக்கியில் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர் அவர். 2017இல் நோபல் பரிசு பெற்றவர். நாவலில் ஜோசி என்ற 14 வயது நோயாளிப் பெண்ணுக்குத் துணையாக, கடையில் வாங்கிய றோபோ கிளாறா. மகள் இறந்துவிட்டால் கிளாறா அவளைப்போலவே நடந்து அவளுடைய இடத்தை நிரப்ப வேண்டும் என்று தாய் இரகசியமாகத் திட்டமிடுகிறாள். கடைசியில் கிளாறாவுக்கு ஒன்று விளங்குகிறது. ஜோசியின் நடையையும் பேச்சையும் பிரதி செய்யலாம். ஆனால் அவளை அவளாக்கும் அந்தச் சிறப்பு, அவளை நேசிக்கிறவர்களின் மனதில் இருக்கிறது. அதை எந்த இயந்திரமும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு றோபோ சொல்லி இதை நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளை றோபோ கதை வாசித்தால் புத்தகத்தைப் பறிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கால் மணித்தியாலம் பக்கத்தில் இருந்து, "கதையை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். "அந்த மிருகங்கள் ஏன் றோசைக் கண்டு பயந்தவை?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தன் வகுப்பைப் பற்றித்தான் பதில் சொல்லும். இடையிடையே பிரெஞ்சு வந்தால் வரட்டும், அந்த நேரத்தில் தமிழைத் திருத்தவேண்டாம். வீட்டில் அப்பம்மா இருந்தால் அவவுக்குச் சொல்லச் சொல்லுங்கள். வின்ரர் முழுக்க யன்னலடியில் இருக்கும் அவவுக்கும் பேச்சுத்துணை வேண்டும். அதோடு, தொலைபேசியில் எந்தச் செயலியுடன் பேசுகிறாய், அது என்ன சொல்லுகிறது என்று அதட்டாமல் விசாரியுங்கள்.

பிள்ளை எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், உயிரை வெறுத்துப் பேசினால், காத்திருக்க வேண்டாம். கியூபெக்கில் இளையோருக்கென 'தெல் ஜோன்' என்ற உதவிச் சேவை இருக்கிறது. கனடா முழுவதும் 988 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். அங்கே மறுமுனையில் கேட்பவர் மனிதர்.