ஆயுஷ்ஹோமம் முதல் அக்ஷராப்யாஸம் வரை

(சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் குழந்தை நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குழந்தை அழுதால் யாரும் வெளியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். முப்பது வருஷமாக நான் அந்தச் சத்தத்தில்தான் வேலை பார்க்கிறேன்.

நம் குடும்பங்களில் குழந்தை பிறந்த முதல் வருஷத்துக்கு ஆள்பலத்தில் குறைவில்லை. பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள், இல்லையென்றால் அம்மா இங்கே வருகிறாள். புண்யாஹவாசனம், தொட்டில், அன்னப்ராசனம், காது குத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது ரயிலேறி வருகிறார்கள். ஆயுஷ்ஹோமம் முடிந்து பந்தி பரிமாறியான மறுநாள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்து உறவு கூடுவது சௌளத்துக்கோ அக்ஷராப்யாஸத்துக்கோதான். நடுவில் சுமார் இரண்டு வருஷம் இருக்கிறது. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

குழந்தைக்கு ஓயாமல் ஏதாவது ஒன்று வருவது அந்தக் காலத்தில்தான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் வருஷத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டதால் குழந்தை க்ரெச்சுக்குப் போகிறது. பல் முளைக்கிறது, நடக்கிறது, கண்டதை வாயில் போடுகிறது. 2017ஆம் வருஷச் சட்டத் திருத்தத்தில் பிரசவ விடுமுறை 26 வாரமாக உயர்ந்தது நல்ல விஷயம். ஆனால் குழந்தையின் சளியும் ஜுரமும் அந்த 26 வாரம் முடிந்த பிறகுதான் மும்முரமாக ஆரம்பிக்கின்றன. நவி மும்பையிலோ, புனேயிலோ, குருகிராமிலோ பத்தாவது மாடி ஃப்ளாட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு இருமும் குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டே பேர் விழித்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு இருவரும் ஆபீஸ் கிளம்ப வேண்டும்.

என் எதிரே வந்து உட்காரும் பெற்றோர்களில் பலருக்கு மருந்துச் சீட்டைவிட அவசியமாக இருப்பது நாலு மணி நேரத் தூக்கம். அதை நான் எழுதிக் கொடுக்க முடியாது. அடுத்த தெருவில் இருக்கும் நம் சங்க உறுப்பினர் ஒருவரால் கொடுக்க முடியும்.

கையில் டம்ளர் போதும்

வைத்தியம் என்றால் டாக்டரும் நர்ஸும்தான் என்று நினைக்கிறோம். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் பங்காவ் என்ற ஊரில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் ஸலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, குளுகோஸ், சோடா உப்பு மூன்றையும் கலந்து தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்தார். தாயும் தங்கையும் பக்கத்துப் படுக்கைக்காரரும் டம்ளர் டம்ளராகப் புகட்டினார்கள். 100க்கு 30 என்ற அளவில் இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. அந்த டாக்டர் 2022இல் காலமானார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். ஓ.ஆர்.எஸ். என்று நாம் கடையில் வாங்கும் பாக்கெட்டுக்கு உலக அளவில் மதிப்பு வந்ததில் அந்த முகாமுக்குப் பெரிய பங்கு உண்டு.

டாக்டர் சரியான முறையைச் சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ராப்பகலாகக் கூட இருந்து செய்தார்கள். பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும்போதும் இந்த இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் சில முறைகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஜுரம், சளி, பேதி

சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சகஜம். க்ரெச் போகும் முதல் வருஷம் இன்னும் கூடும். "என் குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்காத தாய் இல்லை. அதே க்ரெச்சில் குழந்தையை விட்டிருக்கும் இன்னொரு தாயோடு பத்து நிமிஷம் பேசினால் அந்தக் கேள்வியின் பாரம் பாதி இறங்கிவிடும்.

ஜுர மருந்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாரஸிட்டமால் சொட்டு மருந்து 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். ஸிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. அல்லது 125 மி.கி. என்று ஒரு வகை, 250 மி.கி. என்று ஒரு வகை. பாட்டில்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். "நாங்கள் ஒரு ஸ்பூன் கொடுத்தோம், ஜுரம் விட்டது" என்று ஒருவர் சொல்லி, கேட்டவர் சொட்டு மருந்தில் ஒரு ஸ்பூன் கொடுத்தால் உள்ளே போவது 500 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. போதும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. எடையையும் டாக்டர் சொன்ன மி.லி. அளவையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

ஜுரத்தில் வலிப்பு வந்தால் வீடே கலங்கிவிடும். 6 மாதம் முதல் 5 வயது வரை 100க்கு 2 முதல் 5 குழந்தைகளுக்கு இது வருவதாகப் பாடநூல்கள் சொல்கின்றன. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ விரலோ தண்ணீரோ வேண்டாம். கையில் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. அதற்குள் நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் பின்னால் ஒரு கெடுதலும் வருவதில்லை.

இருமல் மருந்து பற்றி ஒரு வார்த்தை. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் ஸிரப்பில் கலந்திருந்த டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷப் பொருளால் குழந்தைகள் இறந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கூடாது என்று மத்திய அரசு அப்போது மறுபடியும் அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அரை ஸ்பூன் தேன் போதும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ்., பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டும். அட்டை டப்பாவில் இனிப்பாக வரும் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

எப்போது காத்திருக்கக் கூடாது? மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தால், ஒரு வயது தாண்டிய குழந்தை அமைதியாக இருக்கும்போதே நிமிஷத்துக்கு 40 மூச்சுக்கு மேல் விட்டால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், எதையும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். நண்பர்களிடம் அபிப்ராயம் கேட்க வேண்டிய நேரம் அதுவல்ல. வண்டி ஓட்டச் சொல்லிக் கூப்பிட வேண்டிய நேரம்.

தூக்கம்

ஒரு வயது முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தேவை. மூன்று வயது முதல் 10 முதல் 13 மணி. நம் நகரங்களில் என்ன நடக்கிறது? மும்பையில் அப்பா லோக்கல் ரயிலில் வந்து சேர ஒன்பது மணி. குழந்தை அவரைப் பார்த்ததும் குதூகலமாகிவிடுகிறது. ஹாலில் சீரியல் ஓடுகிறது. படுக்கப் பதினொன்று. க்ரெச்சுக்காகக் காலை ஏழுக்கு எழுப்புகிறார்கள். ராத்திரி 8 மணி, பகலில் 2 மணி, ஆக 10. குறைந்தபட்சத்துக்கே ஒரு மணி பற்றவில்லை. களைத்த குழந்தை சமர்த்தாகத் தூங்கும் என்று நினைக்காதீர்கள். இன்னும் அதிகமாகப் படுத்தும்.

அப்பா வரும் நேரத்தை மாற்ற முடியாது. காலையில் அரை மணி அப்பாவோடு என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்குக் கால் மணி வீதம் முன்னே இழுங்கள். கை கால் அலம்பி, விளக்கைத் தணித்து, ஒரு ஸ்லோகம், ஒரு பாட்டு என்று தினமும் ஒரே வரிசை இருக்கட்டும். மொபைலைக் கையில் கொடுத்துத் தூங்க வைக்க வேண்டாம். 2 வயது வரை திரையே கூடாது, 5 வயது வரை ஒரு மணிக்கு மேல் கூடாது என்பது 2021இல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி.

தூங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வீரிட்டு அலறி, அம்மாவையே அடையாளம் தெரியாமல் சில குழந்தைகள் தள்ளும். இது தூக்கத்தின் ஆழத்தில் வருவது. காலையில் அதற்கு ஒன்றும் நினைவிருக்காது. உலுக்கி எழுப்பாமல் பக்கத்தில் இருந்தால் போதும். திருஷ்டி சுற்றிப் போடுங்கள், தவறில்லை. ஆனால் தினமும் குறட்டை விட்டு வாயால் மூச்சு விட்டால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறதா என்று காட்ட வேண்டும்.

நம்மாத்துக் குழந்தைகளிடம் இன்னொன்று பார்க்கிறேன். பாலும் தயிர்சாதமுமாகவே வளர்கிறார்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்தால் வேறு ஆகாரம் இறங்காது. இரும்புச் சத்து குறையும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு ரத்த சோகை. ரத்த சோகை உள்ள குழந்தை ராத்திரி புரண்டுகொண்டே இருக்கும். பருப்பு, பயறு, கீரை, கூடவே எலுமிச்சம்பழச் சாறு. தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் சொட்டு மருந்து.

எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

அனுபவத்தைப் பகிருங்கள். மருந்தைப் பகிராதீர்கள். மீந்த ஆன்டிபயாடிக் பாட்டில், இன்னொரு குழந்தையின் சீட்டு, இரண்டும் வீடு தாண்டக் கூடாது.

தில்லியில் தீபாவளி முதல் ஜனவரி வரை வீஸிங் குழந்தைகள் வரிசையில் நிற்கும். டாக்டர் இன்ஹேலரும் ஸ்பேசரும் எழுதுகிறார். ஊரிலிருந்து பாட்டி, "பம்ப் வேண்டாம், பழக்கமாகிவிடும்" என்கிறாள். பழக்கமாகாது. கொஞ்ச மருந்து, நேரே நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். இதை நான் பத்துத் தடவை சொல்வதைவிட, "எங்கள் பையனும் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டான், இப்போது ஓடி விளையாடுகிறான்" என்று ஒரு தாய் சொன்னால் பலிக்கும். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீஸிங் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை வேண்டாம். எந்தக் குழந்தைக்கும் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். உங்கள் மடியும் கதையும் பாட்டும் குழந்தைக்கு எப்போதும் வேண்டும்.

ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். "எங்கள் குழந்தை ஆறு மாதத்திலேயே ராத்திரி முழுக்கத் தூங்கியது" என்ற பேச்சு ஒரு தாயை அடுத்த கூட்டத்துக்கு வரவிடாமல் செய்துவிடும். வாரக்கணக்கில் அழுகையும் வெறுப்புமாக இருக்கும் தாயிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். அப்பாக்களுக்கும் அது பொருந்தும்.

கிளைகள் செய்யக்கூடியது

ஒவ்வொரு கிளையும் இதற்கென்று கட்டடமோ நிதியோ தேட வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளை, அவர்கள் சம்மதத்தோடு, பேட்டை வாரியாக எழுதுங்கள். கால் மணி ஆட்டோ தூரத்துக்குள் ஐந்தாறு குடும்பங்கள் ஒரு குழு.

ஓய்வு பெற்ற மாமா மாமி இருவராகச் சேர்ந்து சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒரு வீட்டுக்குப் போகட்டும். அவர்கள் ஹாலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, பெற்றோர் உள்ளே படுத்துத் தூங்கட்டும். பெற்றோர் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். அது இரு தரப்புக்கும் நல்லது.

ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மூன்று வேலை: ஒருவர் கூடப் போவது, ஒருவர் மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது, ஒருவர் ரசம் சாதம் அனுப்புவது. யாருக்கு எது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். ராத்திரியும் குழந்தைகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். மாதம் ஒரு முறை யாராவது ஒரு வீட்டில் காபியோடு ஒரு மணி நேரம் கூடுங்கள். அப்பாக்களும் வர வேண்டும். அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும்.

வேதபாராயணத்துக்கும் ராமநவமிக்கும் முறை போட்டு வேலை செய்யத் தெரிந்தவர்கள் நாம். அதே முறையில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இன்று கூட்டம் முடிந்து சாப்பிடப் போவதற்கு முன், குழந்தையோடு வந்திருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள். பெரியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் எல்லோரும் தீர்க்காயுளோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க பகவானைப் பிரார்த்தித்து முடித்துக்கொள்கிறேன்.