சரக்கு நம்முடையது, கப்பல் யாருடையது?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

இதுபோன்ற மேடைகளில் இட ஒதுக்கீடு பற்றிப் பேசுவோம். வக்ஃபு சொத்துகள் பற்றிப் பேசுவோம். பேச வேண்டியவைதான். இன்று நான் லாரியையும் கப்பலையும் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள். நம் கடைகளின் லாபம் எங்கே கரைகிறது என்று தேடிப் போனால், அந்த வழி லாரி ஷெட்டிலும் துறைமுகத்திலும்தான் போய் நிற்கிறது.

மக்கா விளைச்சல் இல்லாத பள்ளத்தாக்கு. அங்கே வாழ்ந்த குறைஷிகள் எதைக் கொண்டு அரபகத்தில் தலைநிமிர்ந்து நின்றார்கள்? ஒட்டகக் கூட்டத்தைக் கொண்டு. குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் அவர்கள் போன பயணங்களைத் திருக்குர்ஆனின் 106வது அத்தியாயம் நினைவூட்டுகிறது. நபித்துவத்துக்கு முன்பு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு ஷாமுக்குச் சென்றார்கள். பிறர் பொருளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது நம் மார்க்கத்தின் பார்வையில் ஓர் அமானிதம். அது கூலி வேலை என்ற இளக்காரம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை!

நம் பெயரிலேயே கப்பல் இருக்கிறது. மரக்காயர் என்ற சொல் மரக்கலத்திலிருந்து வந்தது என்பார் சிலர். அரபியில் கப்பலைக் குறிக்கும் மர்கப் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். எப்படிப் பார்த்தாலும் கடல்தான். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை என்று கரையோரம் முழுவதும் நம்மவர்கள் சரக்குக்கும் சொந்தக்காரர்கள், அதை ஏற்றிச் சென்ற கலத்துக்கும் சொந்தக்காரர்கள். நீராவிக் கப்பல் வந்தது. சரக்கு நம்மிடம் தங்கியது. கலம் வெள்ளைக்காரனிடம் போனது. அன்று தொடங்கிய நட்டம் இது.

அதை மீட்க ஒரு முயற்சி நடந்தது. 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். அதில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு! கப்பலோட்டிய தமிழனைக் கொண்டாடும் மேடைகளில் இந்தப் பெயர் எத்தனை முறை கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அது வேறு வருத்தம். இன்றைய பேச்சு அதுவல்ல.

அந்தக் கம்பெனி எப்படி வீழ்ந்தது என்பதை வணிகர்கள் கவனிக்க வேண்டும். சுதேசிக் கம்பெனிக்கு தூத்துக்குடி – கொழும்பு என்ற ஒரே தடம். எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கோ எத்தனையோ தடங்கள். கொழும்புத் தடத்தில் வரும் நட்டத்தை வேறு தடத்தின் லாபத்தில் அது தாங்கிக்கொள்ள முடியும். கட்டணத்தைக் குறைத்தார்கள். இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுக்கிறோம் என்றார்கள். 1908இல் வ.உ.சி. சிறை சென்றார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அரசாங்கத்தின் அடக்குமுறை ஒரு பக்கம் என்றால், கட்டணப் போரில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும் பணபலம் இல்லாமல் போனது மறுபக்கம். குடைக்காக மாறிப் போன பயணி யார்? நம் ஊர்க்காரன்தான்.

இன்றைக்கு நாம் கப்பல் வாங்க முடியுமா? முடியாது. நான் அதைச் சொல்ல வரவில்லை. கப்பல் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்து கப்பல் உலகைப் புரட்டிய ஒருவர் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்றொருவர். அவர் மாலுமி அல்லர், லாரிக்காரர். ஒரு பழைய லாரியில் தொழில் தொடங்கியவர். மூட்டை மூட்டையாக இறக்கி, மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றுவதற்குப் பதிலாக, லாரியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்று நினைத்தார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு ஐந்து டாலர் எண்பது சென்டுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்த காலத்தில், பெட்டியில் ஏற்ற ஆன செலவு ஏறத்தாழ 16 சென்ட்! அதுதான் கண்டெய்னர். சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தது.

அந்த இரும்புப் பெட்டி உங்கள் கடைக்கு என்ன செய்கிறது? பத்தமடைப் பாய் அனுப்பும் ஒரு சகோதரரை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்க்கு எடை குறைவு. சுருட்டிக் கட்டினால் இடம் அடைக்கும். ஒரு பெட்டி முழுக்க அனுப்ப முடியாத சரக்குக்கு, ஒரு டன் அல்லது ஒரு கன மீட்டர், இவற்றில் எந்தக் கணக்கு கூடுதலாக வருகிறதோ அதன்படிதான் கப்பல் வாடகை. அவர் பாய்க்கு வாடகை கொடுக்கவில்லை. பாய்ச் சுருளின் நடுவிலுள்ள காற்றுக்குக் கொடுக்கிறார்! கட்டும் முறையை மாற்றினாலே பணம் மிஞ்சும். நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டியை நிரப்பினால் இன்னும் மிஞ்சும். ஒரே தெருவில் ஒரே சரக்கு விற்கும் நாம், ஒரே பெட்டியில் சரக்கு ஏற்ற மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டோம். பக்கத்துக் கடைக்காரருக்கு நம் வாடிக்கையாளர் பெயர் தெரிந்துவிடுமாம்.

ஏற்றுமதி செய்யும் சகோதரர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் சரக்கு போகும் கப்பலை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? எஃப்.ஓ.பி. விலையில் விற்றால், கப்பலில் ஏற்றுவதோடு உங்கள் வேலை முடிந்தது. கப்பலும் வாடகையும் வாங்குபவர் பாடு. சி.ஐ.எஃப். விலையில் விற்றால் வாடகையும் இன்ஷூரன்ஸும் உங்கள் பொறுப்பு. கப்பலையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விற்கும்போது எஃப்.ஓ.பி., வாங்கும்போது சி.ஐ.எஃப். என்று பழகிப் போனவர்கள் நம்மில் பலர். அப்படியானால் போகும் சரக்கிலும் வரும் சரக்கிலும் கப்பலைத் தீர்மானிப்பவன் வெளிநாட்டான்தான். எஃப்.ஓ.பி. கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காஸா போரை அடுத்து 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பத்து நாட்களுக்கு மேல் கூடுதல் பயணம். வாடகை ஏறியது. பழைய வாடகையை நம்பி சி.ஐ.எஃப். விலை ஒப்புக்கொண்டவர் கையைச் சுட்டுக்கொண்டிருப்பார். ஆகவே, தெரிந்து செய்யுங்கள் என்கிறேன். வாங்குபவர் நீட்டிய தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது வியாபாரமல்ல.

கடலை விடுங்கள், லாரிக்கு வருவோம். பார்சல் ஆபீஸில் கொடுக்கும் எல்.ஆர். ரசீதின் பின்பக்கத்தை என்றாவது படித்திருக்கிறீர்களா? சரக்கின் மதிப்பை எழுதிக் கொடுக்காவிட்டால், தொலைந்தாலும் நனைந்தாலும் போக்குவரத்துக்காரரின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வழக்குப் போடுவதானால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். நாமோ மேனேஜருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தே ஆறு மாதத்தைக் கழித்துவிடுகிறோம். இன்ஷூரன்ஸ் கூடுமா கூடாதா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். கேட்காமலே விட்டுவிட்டு, சரக்கு போன பிறகு தக்தீர் என்று சொல்லாதீர்கள்.

இளைஞனே! உன்னிடம் கடைசியாகப் பேசுகிறேன். வளைகுடாவுக்குப் போய் அடுத்தவன் லாரியை ஓட்டுகிறாய். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. எத்தனையோ குமருகளை அது கரையேற்றியிருக்கிறது. ஆனால் உன் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய தொழில் நடக்கிறது. தூத்துக்குடியில் ஏறும் பெட்டிகளில் பல, சிறு கப்பலில் கொழும்பு சென்று அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் பெரிய கப்பல்களே வந்து நிற்கும் துறைமுகம் 2025 மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. தடங்கள் மாறும் நேரம் இது. இந்தப் பெட்டிகளுக்குத் தாள் எழுதுபவன் யார்? சுங்கத்தில் நின்று சரக்கை விடுவிப்பவன் யார்? சுங்கத் தரகர் உரிமத்துக்கு அரசு தேர்வு நடத்துகிறது. பட்டத்தோடு, அதற்குரிய தொழில்முறைப் படிப்போ சுங்கத் தரகர் வேலையில் அனுபவமோ உள்ளவன் எழுதலாம். சட்டமும் கணக்கும் படிக்க வேண்டும், கடினம்தான். ஆனால் அதற்கு முதலாளியின் மகனாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை.

வணிகச் சகோதரர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கடைசியாக அனுப்பிய சரக்கின் பில்லையும் எல்.ஆரையும் கையோடு கொண்டு வாருங்கள். வாடகைக்கும் ஏற்று இறக்குக் கூலிக்கும் கமிஷனுக்கும் எவ்வளவு போனது என்று பிரித்து எழுதிப் பார்ப்போம். தம்பிமார்கள் கூட உட்கார்ந்து கணக்குப் போடட்டும். மஃரிபுக்கு பாங்கு சொல்லப் போகிறார்கள். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.