பந்து காலில் இருந்தால் போதுமா?



இன்றைய அரங்கின் கேள்வி எளிமையானது. காற்பந்து ஆட்டம் நடக்கும்போது தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் ஒரு கணக்கு வந்து போகிறது. ஒரு குழுவுக்கு 62 விழுக்காடு, மற்றொரு குழுவுக்கு 38 விழுக்காடு என்று காட்டுவார்கள். பந்து யாரிடம் எவ்வளவு இருந்தது என்பதற்கான கணக்கு அது. அதனால் ஏதாவது பயன் உண்டா? மாமாக் கடை மேசையில் இந்தக் கேள்வி எழாத வாரமே இல்லை. "பந்தை வைத்திருந்தவன்தான் நன்றாக ஆடினான்" என்பார் ஒருவர். "கோல் போட்டவன்தானே ஐயா ஜெயித்தான்" என்பார் எதிரே இருப்பவர். தே தாரேக் ஆறிப் போனாலும் இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மலேசிய இரசிகர்களுக்கு இந்த வாதத்தில் தனி அக்கறை உண்டு. அதற்குக் காரணம் 2024ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் கத்தாரின் அல் வக்ரா நகரில் நடந்த ஓர் ஆட்டம்.

ஆசியக் கிண்ணப் போட்டி அது. 2007இல் மலேசியா அதில் ஆடியது. ஆனால் அப்போது போட்டியை ஏற்று நடத்திய நாடுகளில் ஒன்று என்பதால் கிடைத்த இடம். தகுதிச் சுற்றில் வென்று போனது 1980க்குப் பிறகு அதுவே முதல் முறை. முதல் ஆட்டத்தில் ஜோர்டானிடம் 0-4 என்று தோல்வி. இரண்டாவதில் பஹ்ரைனிடம் 0-1. அந்தக் கோலும் 90 நிமிடங்கள் கடந்து, கூடுதல் நேரத்தில் விழுந்தது. மூட்டை கட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தது தென் கொரியாவுடன் ஓர் ஆட்டம். உலகத் தர வரிசையில் அப்போது கொரியா 23, மலேசியா 130. போதாக்குறைக்கு மலேசியக் குழுவின் பயிற்றுநர் கிம் பான் கோன் கொரியர். அவர் தம் சொந்த நாட்டை எதிர்த்தே குழுவைத் திடலில் இறக்க வேண்டியிருந்தது.

அன்றைய ஆட்டத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு பந்து கொரியாவிடம் இருந்தது. ஐந்தில் நான்கு பங்கு! 21ஆவது நிமிடத்தில் ஒரு கோலும் போட்டார்கள். கணக்கைப் பார்த்தவர்கள் இன்னும் ஐந்தாறு விழும் என்றுதான் நினைத்திருப்பார்கள். பிற்பாதி தொடங்கி ஆறாவது நிமிடத்தில் கொரியாவின் கோலுக்கு அருகிலேயே பந்தைப் பறித்து, ஃபைசால் ஹலிம் சமன் செய்தார். 62ஆவது நிமிடத்தில் ஆரிஃப் ஐமான் பெனால்டியில் மலேசியாவை முன்னிலைக்குக் கொண்டு போனார். 83இல் லீ காங் இன் அடித்த ஃபிரீகிக்கில் மீண்டும் சமநிலை. கூடுதல் நேரத்தில் சோன் ஹியூங் மின் பெனால்டியில் 3-2 ஆக்கினார். முடிந்தது என்று பலர் எழுந்து போன பிறகு, ஏறத்தாழ 105ஆவது நிமிடத்தில் ரோமெல் மோராலெஸ் போட்டார் மூன்றாவது கோல். 3-3.

ஐந்தில் ஒரு பங்கு பந்தை வைத்துக்கொண்டு மூன்று கோல்!

கொரியாவுக்கு அந்தப் பாடம் போதவில்லை போலும். பிப்ரவரி 6ஆம் நாள் அரையிறுதியில் ஜோர்டானைச் சந்தித்தது. அன்றும் பந்து பெரும்பாலும் கொரியாவிடம்தான். ஆனால் 90 நிமிடங்களில் கோலை நோக்கிச் சரியாகப் போன ஓர் அடிகூட அவர்களிடமிருந்து வரவில்லை. ஒன்றுகூட இல்லை. ஜோர்டான் 2-0 என்று வென்றது. பத்தே நாளில் கொரியாவின் பயிற்றுநர் கிளின்ஸ்மன் பதவி இழந்தார்.

உலக அரங்கிலும் இப்படிப்பட்ட கதைகள் ஏராளம். 2022 உலகக் கிண்ணத்தில் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என்று வென்றபோது ஜப்பானிடம் பந்து இருந்தது 18 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே போட்டியில் அதே ஸ்பெயின் மொரோக்கோவை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பந்தைக் கைமாற்றியது. மன்னிக்கவும், கால் மாற்றியது. ஒரு கோலும் இல்லை. பெனால்டியில் வீட்டுக்குப் போனது. 2014இல் பிரேசில் தன் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 1-7 என்று நொறுங்கிய இரவில்கூட, பந்து பாதிக்குச் சற்று மேல் பிரேசிலிடம்தான் இருந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி 2016இல் லீக் பட்டத்தை வென்றது. அந்தப் பருவத்தில் அதன் சராசரி 45 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

தங்காக்கில் இருப்பவர்களுக்கு இதை விளங்க வைப்பது சிரமமில்லை. துணி வாங்க மூவாரிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் ஆட்கள் தேடி வரும் ஊர் இது. கடைக்குள் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நாற்பது துணியை விரிக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்து, மடித்து வைத்துவிட்டுப் போகிறவரும் உண்டு. வந்து ஐந்து நிமிடத்தில் பணத்தை நீட்டி ஆறு மீட்டர் வெட்டி வாங்கிக்கொண்டு போகிறவரும் உண்டு. யார் அதிக நேரம் இருந்தார் என்று கடைக்காரர் கல்லாப் பெட்டியில் எழுதுவதில்லை.

அப்படியென்றால் இந்தக் கணக்கே வீண்தானா? அவசரப்படக் கூடாது. முதலில் அது எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒருவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பந்து இந்தப் பக்கம் வந்தால் ஒரு பொத்தானும் அந்தப் பக்கம் போனால் மற்றொரு பொத்தானும் அழுத்துவார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த முறையும் உண்டு. ஆனால் தொலைக்காட்சிகளுக்கும் நாளிதழ்களுக்கும் கணக்கு விற்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஓப்தா நெடுங்காலம் வேறு வழியைக் கையாண்டது. ஒரு குழு 600 முறை பந்தைப் பரிமாறி, எதிர்க் குழு 400 முறை பரிமாறினால், 60-க்கு 40 விழுக்காடு. அவ்வளவுதான். ஆக, தற்காப்பு ஆட்டக்காரர்கள் இருவர் தங்கள் கோல் பக்கத்தில் நின்றுகொண்டு, யாரும் தொந்தரவு செய்யாத இடத்தில் பந்தை மாற்றி மாற்றித் தட்டினாலும் கணக்கு ஏறும். எதிரியின் பெனால்டிப் பகுதிக்குள் மூன்று பேரைத் தாண்டிப் போகும் ஒரு பந்துக்கும் அதே ஒரு மதிப்பெண்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் பந்து உண்மையில் உருளும் நேரம் ஒரு மணி நேரம்கூட இல்லை. மற்ற நேரமெல்லாம் துரோ, கார்னர், காயம், வாக்குவாதம். 2022 உலகக் கிண்ணத்தில் ஃபிஃபா மூன்றாவது ஒரு பிரிவையும் சேர்த்தது. யாரிடமும் இல்லாமல் இரு தரப்பும் போராடிக்கொண்டிருக்கும் பந்துக்கு எனத் தனிக் கணக்கு. நியாயமான திருத்தம் அது.

அடுத்து, யார் முன்னிலையில் இருக்கிறார்கள் என்ற விஷயம். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். முன்னிலையில் இருக்கும் குழு பின்வாங்கிப் பாதுகாக்கும். பின்தங்கிய குழு பந்தை வைத்துக்கொண்டு தேடி அலையும். 2010 ஆம் ஆண்டு டிசம்பரை நினைத்துப் பாருங்கள். பயிற்றுநர் கே. ராஜகோபால் மலேசியக் குழுவைத் தென்கிழக்காசியக் கிண்ணத்துக்கு அழைத்துப் போனார். முதல் சுற்றில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று உதை. நான்கு வாரங்களுக்குள், அதே இந்தோனேசியாவை இறுதியாட்டத்தின் முதல் கட்டத்தில் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வீழ்த்தினார்கள். டிசம்பர் 29இல் ஜாகர்த்தாவில் இரண்டாவது கட்டம். மூன்று கோல் பின்தங்கிய இந்தோனேசியா வேறென்ன செய்யும்? அரங்கமே அதிரப் பாய்ந்து வந்தது. ஃபிர்மான் உத்தினாவின் பெனால்டியைக் கைருல் ஃபாமி தடுத்தார். பிற்பாதியில் சாஃபி சாலி ஒரு கோல் போட்டு அவர்கள் நம்பிக்கையை உடைத்தார். இந்தோனேசியா 2-1 என்று அந்த ஆட்டத்தை வென்றது. கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது. இப்படிப்பட்ட ஓர் இரவில் பந்து யாரிடம் அதிகம் இருந்தது என்பதை மட்டும் எடுத்து வைத்து யார் சிறந்தவர் என்று கேட்டால், கேள்வியே தவறு. பின்தங்கியதால்தான் பந்தைத் தேடினார்கள். கணக்கு அங்கே விளைவு. அதைக் காரணமாக எடுத்துக்கொண்டால் குழப்பம்தான்.

கணக்கைத் தலைகீழாகப் படித்து ஒரு நாட்டின் ஆட்டத்துக்கே தீங்கு செய்த மனிதரும் உண்டு. இங்கிலாந்தில் சார்ல்ஸ் ரீப் என்று ஒருவர் இருந்தார். விமானப் படையில் கணக்கர். 1950 மார்ச்சில் ஸ்விண்டன் குழுவின் ஓர் ஆட்டத்தில் பென்சிலும் நோட்டும் எடுத்துக் குறிக்கத் தொடங்கியவர், வாழ்நாள் முழுவதும் நிறுத்தவில்லை. பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பரிமாற்றங்களில் விழுகின்றன என்று கண்டார். ஆகவே, பந்தை வைத்திருக்காதே, தூக்கி முன்னால் அடி என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் நடக்கும் முயற்சிகளில் மிகப் பெரும்பாலானவை மூன்று பரிமாற்றத்துக்குள் அறுந்து போகின்றவை. எண்ணிக்கையில் அவை அதிகம். எனவே கோலும் அவற்றிலிருந்து அதிகம். சாலையில் மோட்டார் சைக்கிள்கள் அதிகம் என்பதால் விபத்துகளிலும் அவை அதிகமாகத் தென்படுவதைப் போன்றது இது. இந்தக் கணக்கை நம்பி இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே பந்தை வானத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2010இல் ஸ்பெயின் உலகக் கிண்ணத்தை வென்றது. ஏழு ஆட்டங்களில் மொத்தமே எட்டு கோல்தான். போர்த்துகல், பராகுவே, ஜெர்மனி, நெதர்லாந்து என்று நாக் அவுட் சுற்றின் நான்கு ஆட்டங்களும் 1-0. அந்த நான்கிலும் எதிரிக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. பந்து தன் காலில் இருக்கும்வரை எதிரியால் கோல் அடிக்க முடியாது என்ற எளிய உண்மையை அவர்கள் தற்காப்பாகவே பயன்படுத்தினார்கள். எதிரி ஓடி ஓடிக் களைத்தான். சலிப்பாக இருந்தது என்று அன்றைக்கே குறை சொன்னவர்கள் உண்டு. கிண்ணத்தை வென்றவர்களுக்கு அந்தக் குறை உறைக்குமா?

ஜோகூர்க்காரர்களுக்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. ஜேடிதி 2014 முதல் 2025 வரை தொடர்ந்து 11 முறை சூப்பர் லீக் பட்டத்தை வென்ற குழு. உள்நாட்டில் பந்து பெரும்பாலும் அதன் கால்களில்தான். எதிர்க் குழுக்கள் பின்வாங்கி நிற்கும். ஆனால் ஆசிய அரங்கில் அதே ஆட்டக்காரர்கள் வேறு வேலை செய்யப் பழக வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் ஆசிய செம்பியன்ஸ் லீக்கில், சொந்த மண்ணில் கொரியாவின் உல்சான் குழுவை இரண்டு முறையும் 2-1 என்று வென்றது. ஜப்பானின் கவாசாகியிடம் ஒரு முறை 0-0 என்று சமன் செய்து, மறுமுறை 0-5 என்று தோற்றது. பந்து இருக்கும்போது என்ன செய்வது என்பது ஒரு படிப்பு. இல்லாதபோது எங்கே நிற்பது என்பது இன்னொரு படிப்பு. இரண்டிலும் தேறாமல் அந்த அளவுக்குப் போக முடியாது.

இவ்வளவும் பெரியவர்களின் ஆட்டத்தைப் பற்றியது. இங்கே ஆசிரியர்களும் பெற்றோர்களும் உட்கார்ந்திருப்பதால் இன்னொன்றும் பேச வேண்டியிருக்கிறது.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் இதே தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவின் கோலைக் காத்தவர் ஆர். ஆறுமுகம். அரசியல் காரணத்தால் மலேசியா மாஸ்கோவுக்குப் போகவில்லை என்பது வேறு சோகம். 1970களின் குழுவில் எம். சந்திரன் இருந்தார். பயிற்றுநராக ராஜகோபால் இருந்தார். தேசியக் குழுவின் பட்டியலில் தமிழ்ப் பெயரைத் தேட வேண்டிய நிலை அக்காலத்தில் இல்லை. இன்றைக்குத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. காரணங்கள் பல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, திடலோடு குடியிருப்பும் போனது அவற்றில் முதன்மையானது. திடலில் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் அடிக்கடி காணும் காட்சி இது. உயரமான, பலசாலியான பையன் பின்னால் நிற்பான். பந்து வந்தவுடன் ஓரத்திலிருந்து "அடி! தூக்கி அடிடா!" என்று குரல் கேட்கும். அவன் அடிப்பான். முன்னால் வேகமாக ஓடும் ஒரு பையன் துரத்துவான். ஒரு கோல் விழும். கிண்ணம் கிடைக்கும், படம் எடுப்பார்கள். நடுவில் நின்ற ஆறு பிள்ளைகள் அந்த ஆட்டம் முழுவதும் பந்தை எத்தனை முறை தொட்டார்கள் என்று யாராவது எண்ணியதுண்டா? கொரியாவை மலேசியா 20 விழுக்காட்டில் சமாளித்ததைக் காட்டி, "பார்த்தீர்களா, பந்தை வைத்திருப்பதில் ஒன்றும் இல்லை" என்று வாதிடுவோர் ஒன்றை யோசிக்க வேண்டும். அன்றைய முதல் கோலில், நெருக்கடியான இடத்தில், பந்தைக் காலோடு ஒட்டி வைத்து, தற்காப்பு ஆட்டக்காரரை ஏமாற்றித் திரும்பினாரே ஃபைசால் ஹலிம், உயரத்தில் சிறியவர், அந்தத் திருப்பத்தைத் தூக்கி அடிக்கும் ஆட்டத்தில் பழகியிருக்க முடியாது. சிறு வயதில் பந்து காலில் ஆயிரமாயிரம் முறை பட்டிருந்தால்தான் அது வரும்.

ஆகவே, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வெற்றி தோல்விக் கணக்கைவிட, ஒவ்வொரு பிள்ளையும் பந்தைத் தொடும் கணக்கு முக்கியம். அதற்குப் பெரிய செலவும் இல்லை. முழுத் திடலில் பதினொரு பேரை விடுவதற்குப் பதிலாகக் குறுக்கே நான்கு சிறு திடல்கள் பிரிக்கலாம். ஒரு பக்கத்துக்கு நான்கு பேர், ஐந்து பேர் போதும். நால்வர் வட்டமாக நின்று பந்தைத் தட்ட, இருவர் நடுவில் நின்று பறிக்க முயலும் பயிற்சியை உலகின் பெரிய குழுக்கள் இன்றும் ஆட்டத்துக்கு முன் செய்கின்றன. பந்தைப் பறிகொடுத்தவர் நடுவில் போக வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே இருக்கும். ஆசிரியர் கத்த வேண்டியதும் இல்லை. ஓரத்தில் நிற்கும் அப்பா ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே கோடு போட்டுக்கொண்டே வரலாம். இருபது நிமிடத்தில் யாருக்குப் பத்துக் கோடுகூட விழவில்லையோ, அடுத்த வாரம் அந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்துங்கள்.