மோதலில் பிறந்த ஆடல்

ஓர் ஊரில் பிறந்த கலை வேற்றூருக்குக் குடிபெயர்ந்தால் வளருமா, தேயுமா என்பது பழைய வழக்கு. பிறந்த மண்ணை விட்டு அகன்றால் தூய்மை கெடும் என்பார் ஒரு சாரார். ஓடும் நீரே தெளியும் என்பார் மற்றொரு சாரார். சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் உங்களுக்கு இவ்வழக்கு புதிதன்று. அதனை வேற்று நாட்டு ஆடல் ஒன்றைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டில், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உருவான அவ்வாடலின் பெயர் 'சல்சா சோக்கே'. ஸ்பானிய மொழியில் 'சோக்கே' என்பது மோதலைக் குறிக்கும் சொல். சல்சா இசையும், நகர்ப்புற இளைஞரின் ரெகேட்டோன் இசையும் மோதிக் கலந்ததன் விளைவே இவ்வாடல்.

சல்சாவின் வரலாறே குடிபெயர்ந்தோர் வரலாறுதான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் முழவொலியும், ஸ்பானியரின் நரம்பிசையும் கலந்து கியூபாத் தீவில் 'சொன்' என்னும் இசை பிறந்தது. பிழைப்புத் தேடி நியூயார்க் நகரில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ மக்களும் கியூபா மக்களும் அதனோடு ஜாஸ் முதலியவற்றைச் சேர்த்துப் புதியதோர் இசையாக்கினர். 1964-ஆம் ஆண்டில் ஜானி பச்சேக்கோ என்ற இசைவாணரும் ஜெரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் அதனை உலகறியச் செய்தது. 'சல்சா' என்றால் குழம்பு என்று பொருள். பலவும் சேர்ந்து கொதித்த இசைக்கு அது பொருந்திய பெயரே. அதன் உயிர்நாடி 'கிளாவே' என்னும் தாளக்கட்டு. ஒரு சுற்றுக்கு ஐந்து தட்டுகள். ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. ஏனைய கருவிகள் யாவும் இதனை ஒட்டியே ஒலிக்கும்.

இவ்விசையைத் தமதாக்கிக்கொண்ட ஊர்களுள் கொலம்பியாவின் காலி நகரம் தலையாயது. பசிபிக் கடற்கரையிலுள்ள புவெனவெந்துரா துறைமுகத்தில் இறங்கிய மாலுமிகள் வழியாக இசைத்தட்டுகள் அங்கு வந்து சேர்ந்தன என்பர். 1960-களில் நியூயார்க்கிலிருந்து வந்த 'புகலூ' இசை காலி இளைஞரின் கால்களுக்கு மெதுவாகத் தோன்றிற்று. அவர்கள் என்ன செய்தனர்? நிமிடத்துக்கு 33 சுற்றுச் சுழல வேண்டிய தட்டை 45 சுற்று வேகத்தில் சுழலவிட்டனர். இசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரைந்தது. பாடுவோர் குரலும் கீச்சென உயர்ந்தது. அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்கவே, மின்னலெனப் பாதம் மாற்றும் காலி ஆடல் முறை தோன்றியது. இசைத்தட்டை ஆக்கியோர் கனவிலும் கருதாத ஆடல் அது.

இனி, பசிபிக் கடற்கரை மக்களைக் காண்போம். இவர்களுட் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழியினர். கொலம்பியாவில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1851-இல்தான் இயற்றப்பட்டது. மரத்துண்டுகளைத் தட்டி இசைக்கும் மரிம்பா இவர்களுடைய கருவி. இவர்களது மரிம்பா இசையும் மரபுப் பாடல்களும் 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. 1979 டிசம்பரில் துமாக்கோக் கடற்கரையை நில நடுக்கமும் ஆழிப் பேரலையும் தாக்கின. அதன் பின்னரும், வறுமையாலும் ஆயுதக் கும்பல்களின் கொடுமையாலும் அலையலையாக மக்கள் காலி நகருக்கு வந்து, கிழக்கே அகுவாபிளாங்கா என்னும் தாழ்நிலப் பகுதியில் குடிசையமைத்தனர்.

இக்கடற்கரையிலும் அக்குடியிருப்புகளிலும் வளர்ந்த இளைஞரே சல்சா சோக்கேயை உருவாக்கினர். பனாமாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் வளர்ந்து, கணிப்பொறியில் அமைத்த அழுத்தமான தாளத்தோடு ஒலிக்கும் ரெகேட்டோனைச் சல்சாவின் மெட்டுகளோடு இணைத்தனர். இணையராயும் ஆடுவர், வரிசையாக நின்று, முன்னிற்பவரைப் பார்த்து ஒரே அடியைத் திரும்பத் திரும்ப எடுத்துவைத்தும் ஆடுவர். இதற்கு விலையுயர்ந்த உடையும் வேண்டா. பளிங்குத் தரையும் வேண்டா. தெரு முனையே போதும்.

நகரத்துச் சல்சா அன்பர் பலர் முகம் சுளித்தனர். "பித்தளைக் குழல்கள் எங்கே? பியானோ எங்கே? இது சல்சாவே அன்று" என்றனர். அவர்கள் கூற்றில் ஓர் உண்மை உண்டு. பத்துப் பன்னிருவர் கூடி வாசித்த இடத்தில் ஒரு கணிப்பொறி அமர்ந்துகொண்டால், வாத்தியக்காரரின் கற்பனைக்கு இடம் குறையும். அந்த இழப்பை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும், இசைத்தட்டின் வேகத்தையே மாற்றி ஆடிய ஊர், பின்வந்தோரை நோக்கி "மாற்றாதே" என்பது எங்ஙனம் பொருந்தும்?

2014-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று பிரேசில் நாட்டின் பெலோ ஓரிசோந்தே நகரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி. கிரீஸ் நாட்டுக்கு எதிராக ஐந்தாம் நிமிடத்தில் கொலம்பியாவின் முதற்கோலை அடித்தவர் பாப்லோ ஆர்மேரோ, துமாக்கோவிற் பிறந்தவர். அடித்ததும் தோழருடன் வரிசையாக நின்று ஆடினார். அது சல்சா சோக்கே. காலி ஃப்ளோ லத்தினோ குழுவினரின் 'ராஸ் தாஸ் தாஸ்' என்ற பாட்டும் அந்நாட்களில் எங்கும் ஒலித்தது. நகரத்தின் ஓரத்தில் பிறந்த ஆடல், ஒரு நாட்டின் மகிழ்ச்சிக்கே அடையாளமாயிற்று.

இதனால் நாம் அறிவது என்ன? ஒரு கலையைக் காப்போர் இரு திறத்தினர். பழைய தட்டைக் கீறலின்றிப் பேணுவோர் ஒரு திறத்தினர். அதனைக் கேட்டுத் தம் காலுக்கேற்ப ஆடுவோர் மற்றொரு திறத்தினர். முன்னவர் இல்லையேல் வேர் மறக்கப்படும். பின்னவர் இல்லையேல் தளிர் இராது. நாம் கொண்டுவந்த கலைகளை நம் பிள்ளைகள் தாம் வாழும் ஊரின் ஓசையோடு கலந்து ஆடும்போது, "இது நம்முடையதன்று" என்று கூறுமுன் சற்றே நின்று காண்போம். அவர்கள் ஆடுகின்றார்களே, அதுவே முதற்செல்வம்.