சூளை மாதிரி ஒரு குளியலறை: ஹாரோகேட்டும் அப்பாவோட ஒரு கேள்வியும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

[00:00] தொடக்கம்

இந்த எபிசோடை பெண்ணாடத்துல, எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. விழுப்புரத்துல இருந்து திருச்சி போற லைன் எங்க ஊர் வழியாத்தான் போகுது. அதை எடிட் பண்ணி எடுத்தா அப்புறம் எங்க ஊரே இல்லாம போயிடும்.

போன வருஷம் ஆறு மாசம் இங்கிலாந்துல லீட்ஸ்ல ஆன்சைட் இருந்தேன்னு முன்னாடி சொல்லியிருக்கேன். அங்க இருந்தப்போ ஒரு சனிக்கிழமை ஒரு பழைய துருக்கிக் குளியலறைக்குப் போனேன். இன்னிக்கு அதைப் பத்தித்தான். ஆனா இது டிராவல் எபிசோடு இல்லை. அன்னிக்கு ராத்திரி அப்பா போன்ல ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடல. அதனால அவர் அனுமதியோட இதைச் சொல்றேன்.

[02:10] உள்ளே என்ன இருக்கு

லீட்ஸ்ல இருந்து முக்கால் மணி நேரத்துக்குள்ள ரயில்ல போயிடலாம், ஹாரோகேட்ங்கிற ஊருக்கு. 1571-லயே அங்க தாது உப்பு கலந்த ஊற்று ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அப்புறம் கந்தக ஊற்றுகளும் கிடைச்சது. அழுகின முட்டை வாசனை அடிக்கிற அந்தத் தண்ணியைக் குடிக்கவும் அதுல குளிக்கவும் பணக்காரங்க கூட்டம் கூட்டமா வந்திருக்காங்க. அகதா கிறிஸ்டி 1926-ல காணாமப் போய் பதினோரு நாள் நாடே தேடுச்சே, கடைசியில கிடைச்சது இந்த ஊர் ஹோட்டல் ஒண்ணுலதான்.

1897-ல ராயல் பாத்ஸ்னு ஒரு பெரிய கட்டடம் திறந்தாங்க. அதோட ஒரு பகுதிதான் துருக்கிக் குளியலறை. இன்னிக்கும் ஓடுது, உள்ளூராட்சியோட சொத்து. டிக்கெட் நம்ம காசுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல. மனசு பதறுச்சுதான். ஆனா நாலு மாசமா கழுத்து திரும்பாம, தலையணையை மாத்தி மாத்திப் பார்த்துட்டு இருந்த ஆளு நான். போயிட்டேன்.

உள்ள நுழைஞ்சதும் நான் முதல்ல பார்த்தது தரையைத்தான். நம்ம பழைய வீடுகள்ல மொசைக் தரை இருக்கும் பாருங்க, சின்னச் சின்னக் கல்லு பதிச்சு பாலிஷ் போட்டது, அதேதான். இத்தாலியில இருந்து வந்த கைவினைஞர்கள் போட்டது. சுவர் முழுக்க கலர் கலரா கிளேஸ் போட்ட செங்கல். மேல குதிரை லாட வடிவ வளைவு, வண்ணம் தீட்டின கூரை. விருத்தாசலம் பக்கத்து ஆளு நான். பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் பியூஸ் கேரியரும் பார்த்து வளர்ந்தவன். அதனால கை தானா சுவரைத் தடவிப் பார்த்துச்சு.

வெறும் செங்கல் தண்ணியை உறிஞ்சும். கிளேஸ்ங்கிறது அடிப்படையில ஒரு கண்ணாடிப் படலம். சூட்டுல உருகி செங்கல் மேல ஒட்டிக்கும். அதுக்குள்ள ஈரம் போகாது, பூஞ்சை பிடிச்சாலும் துடைச்சிடலாம். நீராவியும் வேர்வையும் இருக்கிற இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான சுவர் கிடையாது. அழகுக்காக மட்டும் போட்டது இல்லை.

அடுத்தடுத்து அறைகள். பேரெல்லாம் ரோமானியப் பேரு. டெபிடேரியம் இளஞ்சூடு, கால்டேரியம் சூடு, லக்கோனியம் அதுக்கும் மேல சூடு. தனியா ஒரு நீராவி அறை. ஒரு குளிர்ந்த தண்ணித் தொட்டி. கடைசியில ஓய்வெடுக்க ஃப்ரிஜிடேரியம். சூடான காத்து முதல்ல லக்கோனியத்துக்கு வந்து, அங்க இருந்து சூடு குறைஞ்சு குறைஞ்சு அடுத்த அறைகளுக்குப் போற மாதிரிதான் அந்தக் காலத்துல இந்தக் குளியலறைகளைக் கட்டினாங்க. நாம எதிர்த் திசையில, குறைஞ்ச சூட்டுல இருந்து அதிக சூட்டுக்குப் போகணும்.

லக்கோனியத்துல உட்கார்ந்தப்போ மூக்குக்குள்ள போற காத்து சுட்டுச்சு. ஆனா தாங்க முடிஞ்சது. காரணம், அது உலர்ந்த சூடு. வேர்வை உடனே ஆவியாகி தோலைக் குளிர வைக்கும். நீராவி அறையில காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருக்கு, வேர்வை ஆவியாகாது. அதனால சூடு குறைவா இருந்தும் அங்கதான் எனக்கு மூச்சு முட்டுச்சு. மே மாசம் சென்னை ஏன் விருத்தாசலத்தை விடக் கொடுமையா இருக்குன்னு இப்போ புரிஞ்சிருக்கும். ஒண்ணு சொல்லிடறேன், ரத்த அழுத்தம், இதயப் பிரச்சனை இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இதெல்லாம் முயற்சி பண்ணாதீங்க.

அப்புறம் அந்தக் குளிர்ந்த தொட்டி. இறங்கினேன். கத்திட்டேன். பக்கத்துல இருந்த ஒரு பாட்டி சிரிச்சாங்க.

[08:45] பாட்னாக்காரர் ஒருத்தர்

துருக்கிக் குளியல் எப்படி இங்கிலாந்துக்குப் போச்சு? ரோமானியர்கள்கிட்ட இருந்து அரபு உலகம், அங்க இருந்து ஒட்டோமான் துருக்கி. புடாபெஸ்ட்ல 16-ஆம் நூற்றாண்டுல துருக்கியர்கள் கட்டின ருடாஷ் குளியலறையில இன்னிக்கும் இயற்கையான வெந்நீர் ஊற்றுல குளிக்கலாம். நம்ம ஊர்லயும் முகலாயர்கள் கட்டினாங்க. டெல்லி செங்கோட்டைக்குள்ள ஷாஜகான் காலத்து ஹம்மாம் இருக்கு.

இங்கிலாந்து கதையில எனக்குப் பிடிச்ச ஆளு சேக் தீன் முகமது. 1759-ல பாட்னாவுல பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில இருந்துட்டு அயர்லாந்து போனார். 1794-ல தன்னோட பயணங்களை ஆங்கிலத்துல புத்தகமா எழுதினார். ஆங்கிலத்துல புத்தகம் போட்ட முதல் இந்தியர் அவர்தான். 1810-ல லண்டன்ல ஒரு இந்திய உணவகம் திறந்தார். ரெண்டே வருஷத்துல திவால். நம்ம பாஷையில சொன்னா, ஸ்டார்ட்அப் ஊத்திக்கிச்சு.

அதுக்கப்புறம் பிரைட்டன்ல நீராவிக் குளியலும் மசாஜும் ஆரம்பிச்சார். வாடிக்கையாளரை ஒரு ஃப்ளானல் துணிக் கூடாரத்துக்குள்ள உட்கார வெச்சு, அதுல இருக்கிற துணிக் கைகள் வழியா வெளிய இருந்தே கையை விட்டுப் பிடிச்சு விடுவாங்க. அதுக்கு அவர் வெச்ச பேரு ஷாம்பூயிங். இந்தியில சம்பின்னா பிடிச்சு விடறது, அதுல இருந்து வந்த வார்த்தை. நாம இன்னிக்கு சாஷேல வாங்கற ஷாம்பூ அதுதான். ரெண்டு ராஜாக்களுக்கு அவர் இந்த வேலை பார்த்திருக்கார், நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம்.

துருக்கிக் குளியல்னு பேரு பரவினது அதுக்கப்புறம். டேவிட் அர்கார்ட்னு ஒருத்தர் 1850-ல தன் பயண நூல்ல இதைப் பத்தி ஆசை ஆசையா எழுதினார். அதைப் படிச்ச அயர்லாந்து டாக்டர் ரிச்சர்ட் பார்ட்டர் 1856-ல ஒண்ணு கட்டினார். அடுத்து நூற்றுக்கணக்குல முளைச்சுது. இப்போ அந்தக் காலத்துக் குளியலறைகள்ல ஓடிட்டு இருக்கிறதை விரல் விட்டு எண்ணிடலாம். இந்தச் சூடு பணக்காரங்களுக்கு மட்டும் இல்லை, தொழிலாளிகளுக்கும் கிடைக்கணும்னு அர்கார்ட் பேசினார். இதை மனசுல வெச்சுக்கோங்க.

[13:20] அப்பாவோட போன்

எங்க அப்பா விருத்தாசலத்துல ஒரு சின்ன பீங்கான் யூனிட்ல 26 வருஷம் வேலை பார்த்தார். சூளையில சரக்கு அடுக்கறது, இறக்கறது. இப்போ வீட்டுல இருக்கார். வேகமா நடந்தா மூச்சு வாங்கும்.

அன்னிக்கு ராத்திரி போன்ல சொன்னேன். முதல் கேள்வி நீங்க நினைக்கிறதுதான். "குளிக்கவா ரெண்டாயிரம் ரூபா?" அப்புறம் ஆர்வம் வந்துடுச்சு.

"சூடு எப்படிப்பா வருது?"

அறை அறையா விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொன்னார். "தம்பி, இது டனல் சூளை மாதிரில்ல இருக்கு? சரக்கு ஒரு பக்கம் உள்ள போகும், சூடு எதிர்ல வரும். முதல்ல மெதுவா சூடேறும், நடுவுல வேகும், அப்புறம் ஆறி வெளிய வரும்."

உண்மையிலேயே அதேதான். மூணு மாசம் சிஸ்டம் டிசைன் படிச்ச எனக்கு அது தோணல. அந்த யூனிட் சூளையில ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல போகும், இங்க எழுபதுக்குள்ள. அவ்வளவுதான் வித்தியாசம். குளிர்ந்த தண்ணியில இறங்கினதைச் சொன்னதும் சிரிச்சுட்டார். "பாத்திரமா இருந்தா வெடிச்சிருக்கும்."

சுவரைப் பத்திக் கேட்டார். கிளேஸ் போட்ட செங்கல்னேன். போட்டோ அனுப்பச் சொன்னார். உள்ள போன் எடுத்துட்டுப் போகலைன்னு வெப்சைட் படத்தை அனுப்பினேன். பார்த்துட்டு, "நல்லா வெந்த செங்கல்"ன்னார். அப்புறம் ரொம்ப சாதாரணமாக் கேட்டார்.

"இந்தக் கல்லைச் சுட்டவங்களுக்கு குளிக்க இடம் இருந்துச்சாமா?"

எனக்குப் பதில் தெரியல. அவரும் பதிலுக்காகக் கேட்கல. அம்மாகிட்ட போனைக் கொடுத்துட்டார்.

சின்ன வயசுல அப்பா வேலை முடிஞ்சு வரும்போது புருவம் வெள்ளையா இருக்கும். களிமண்ணும் சிலிக்காத் தூசியும். அவரைத் தொட விட மாட்டாங்க அம்மா. வீட்டுக்குப் பின்னாடி போய் சட்டையை உதறிட்டு, குழாயடியில குளிச்சுட்டுத்தான் உள்ள வருவார். அந்தச் சட்டையை உதறினதும் துவைச்சதும் அம்மா. அந்த யூனிட்ல கை கழுவ ஒரு குழாய் இருந்துச்சாம். குளிக்க இடமோ உடை மாத்த இடமோ இல்லை. அந்தத் தூசி பஸ்ல வந்துச்சு, வீட்டுக்குள்ள வந்துச்சு. இதை நான் ஒரு பிரச்சனையா நினைச்சதே இல்லை. அப்பான்னா அப்படித்தான் வருவார்னு நினைச்சேன்.

[18:05] சுரங்க வாசல்ல ஒரு குளியலறை

அடுத்த வாரம் வேக்ஃபீல்ட் பக்கத்துல இருக்கிற தேசிய நிலக்கரிச் சுரங்க மியூசியத்துக்குப் போனேன். லீட்ஸ்ல இருந்து பக்கம்தான். அங்க சுரங்கத் தொழிலாளர் குளியலறையை அப்படியே வெச்சிருக்காங்க.

அதுக்கு முன்னாடி நிலைமை நம்ம வீடு மாதிரியேதான். ஆண்கள் கரி அப்பின முகத்தோட வீட்டுக்கு வருவாங்க. அடுப்பு முன்னாடி தகரத் தொட்டி. வெந்நீர் போட்டு ஊத்தறது வீட்டுப் பெண்கள். ஒரே வீட்டுல மூணு பேர் வேற வேற ஷிஃப்ட்னா மூணு தடவை. 1926-ல நிலக்கரி ராயல்டி மேல ஒரு தீர்வை போட்டு, அந்தக் காசுல சுரங்க வாசல்லயே குளியலறைகள் கட்டினாங்க. டிசைன் ரொம்ப எளிமை. ஒரு பக்கம் அழுக்குத் துணி லாக்கர், மறுபக்கம் சுத்தமான துணி லாக்கர், நடுவுல ஷவர். அழுக்கு அந்தக் கோட்டைத் தாண்டாது. நான் அங்க நின்னுட்டு இருந்தப்போ அம்மா சட்டை உதறினதுதான் ஞாபகம் வந்துச்சு.

அதுக்கும் முன்னாடி 1846-ல அங்க ஒரு சட்டம் வந்துச்சு. ஊராட்சிகள் வரிப்பணத்துல பொதுக் குளியலறையும் துணி துவைக்கிற கூடமும் கட்டலாம். மலிவான வகுப்புல வெந்நீர்க் குளியலுக்கு ரெண்டு பென்னிக்கு மேல வாங்கக் கூடாது. யாரோ நல்ல மனசோட கொடுத்த தானம் இல்லை இது, சட்டம்.

நம்மகிட்டயும் சட்டம் இருந்துச்சு. 1948 தொழிற்சாலைகள் சட்டம், 42-ஆவது பிரிவு. கழுவிக்கொள்ள போதுமான வசதி இருக்கணும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியா மறைவு இருக்கணும், சுத்தமா இருக்கணும். அடுத்த பிரிவு, உடை மாத்தி வைக்கவும் ஈரத்துணி காய வைக்கவும் இடம். ஆனா மின்சாரம் பயன்படுத்தற இடத்துல பத்துப் பேர் வேலை செஞ்சாத்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையா இருந்துச்சு. அப்பாவோட யூனிட்ல எத்தனை பேர்னு கேட்டேன். "ரிஜிஸ்டர்லயா, நெசத்துலயா?"ன்னு திருப்பிக் கேட்டார்.

[22:30] நம்ம ஆபீஸ்ல

இதை அப்பா காலத்துக் கதைன்னு முடிச்சிடலாம்னு பார்த்தேன். முடியல. நான் சென்னையில வேலை பார்க்கிற ஆபீஸ்ல ஜிம் இருக்கு, வெந்நீர் ஷவர் இருக்கு. நாள் முழுக்க ஏசியில உட்கார்ந்திருக்கிற எனக்கு. அந்த ஷவரைத் தேய்ச்சுக் கழுவுற ஹவுஸ்கீப்பிங் அக்காகிட்ட திரும்பி வந்ததும் கேட்டேன், நீங்க வேலை முடிஞ்சு எங்கக்கா குளிப்பீங்கன்னு. "வீட்டுக்குப் போய்த்தான் சார். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸு." அந்த ஷவரை அவங்க பயன்படுத்தக் கூடாதான்னு அட்மின்ல கேட்டு மெயில் போட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு. "பரிசீலனையில் உள்ளது"ன்னு வந்துச்சு. அடுத்த வாரம் மறுபடி போடுவேன். இந்த முறை டீம்ல பதினோரு பேர் பேரு சேர்த்துப் போடுறோம்.

ஹாரோகேட் போனது தப்புன்னு நான் சொல்லல. என் கழுத்து சரியாச்சு, நிஜமா. உடம்புக்கு சூடும் தண்ணியும் ஓய்வும் தேவை, அதை அன்னிக்குத்தான் புரிஞ்சுக்கிட்டேன். அப்படித் தேவைன்னா, அது அதிகமா உழைக்கிற உடம்புக்கு முதல்ல தேவை. இங்க அது தலைகீழா இருக்கு.

நாளைக்கு சனிக்கிழமை. காலேஜ் போனதுல இருந்து நான் விட்டுட்ட எண்ணெய்க் குளியல். அப்பாவுக்கு நான் முதுகு தேய்ச்சு விடறதா ஒப்பந்தம். ரெண்டு நாளா வேண்டாம் வேண்டாம்ன்னார். இன்னிக்கு காலையில அவரே போய் நல்லெண்ணெய் வாங்கிட்டு வந்துட்டார். சூடு பதமா இருக்கணும்னு இப்பவே எனக்கு கிளாஸ் எடுத்துட்டு இருக்கார்.

உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். நாளைக்கு ஆபீஸ் போனா, உங்க இடத்தைச் சுத்தம் பண்றவங்க, கேண்டீன்ல அடுப்புகிட்ட நிக்கிறவங்க, சாப்பாடு டெலிவரி பண்ண வர்றவங்க எங்க முகம் கழுவறாங்கன்னு பாருங்க. அவங்ககிட்டயே கேளுங்க. கேட்டதை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடை அதை வெச்சுப் பண்ணலாம்.

அதுவரைக்கும், கழுத்தைப் பார்த்துக்கோங்க மக்களே.