பிள்ளை வந்து சேர எத்தனை மணி நேரம்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் பல வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறோம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் வந்து நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பையன் எப்போ வருவான்?" உடனே ஒருவர் கைபேசியைப் பார்த்து, "பதினேழு மணி நேரம்தான்" என்று சொல்லிவிடுவார். அதை நம்பிக் காரியத்துக்கு நேரம் குறித்தால், பிள்ளை வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சான்பிரான்சிஸ்கோவையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து அது வான்வழியில் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். ஆனால் 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானத்தைப் பெண் விமானிகளே அங்கிருந்து வடதுருவம் வழியாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தபோது, சுமார் 17 மணி நேரம் ஆனது. 9-ம் தேதி இரவு கிளம்பி 11-ம் தேதி அதிகாலையில் இறங்கினார்கள். நம் கடிகாரம் அவர்களுடையதைவிடக் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் முன்னால் ஓடுகிறது. தேதியை மட்டும் கேட்டால் குழப்பம்தான்.

இப்போது வாசலிலிருந்து வாசல் வரை கூட்டுங்கள். அங்கே வீட்டிலிருந்து விமான நிலையம் போக ஒரு மணி. முன்கூட்டியே போய்க் காத்திருக்க மூன்று மணி. பறக்க பதினேழு. இங்கே குடியேற்றச் சோதனை, பெட்டி எடுக்க ஒன்றரை. தேவனஹள்ளியிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் வர ஐந்து. மொத்தம் இருபத்தேழரை மணி நேரம். அதுவும் நேரடி விமானம் உடனே கிடைத்தால்தான். வழியில் விமானம் மாறினால் இன்னும் பல மணி நேரம் கூடும். ஆகவே ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஃப்ரீசர் பெட்டி சொல்லும்போதும் இந்தக் கணக்கிலேயே சொல்லுங்கள்.

சிங்கப்பூர் கணக்கு வேறு. திருச்சிக்கு நேரடி விமானம் சுமார் நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்து நாமக்கல் 90 கிலோமீட்டர்தான். காலையில் சேதி போனால் இரவுக்குள் வந்துவிட வாய்ப்பு உண்டு.

கமலாபுரத்தில் நம் சேலம் விமான நிலையம் இருக்கிறதே என்பீர்கள். சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், உண்மைதான். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவில் வந்து இறங்குகின்றன. அடுத்த சேலம் விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கார் இங்கே வந்து சேர்ந்துவிடும்.

கடைசியாக மூன்று வேண்டுகோள். பிள்ளைகள் இருக்கும் ஊர், கைபேசி எண், அவர்களுக்கு அருகிலுள்ள விமான நிலையம் ஆகியவற்றைச் சங்கப் பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள். பாஸ்போர்ட், விசா, ஓசிஐ அட்டை எல்லாம் நடப்பில் இருக்கின்றனவா என்று அடுத்த முறை பேசும்போது கேளுங்கள். விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் பிள்ளை இங்கே வந்துவிடலாம், திரும்பிப் போவதுதான் சிக்கல். அந்தப் பயத்திலேயே கிளம்பத் தயங்குவார்கள். மூன்றாவது, பிள்ளை வரும்வரை காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை நாம் நன்றாக இருக்கும்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் அதை முடிவு செய்ய முடியாது. காரும் காபியும் ஏற்பாடு செய்யத்தான் முடியும். அதைக் கட்டாயம் செய்வோம்.